பட்டி போயிடுச்சு சார்

ஆதார் அட்டையில் கதவு எண்ணைத் திருத்த வேண்டும் என்று போன வாரம் மேற்குத் தாம்பரத்தில் ஓர் இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். எதிரே கணினியில் ஒரு சின்னப் பெண். ஒரு கையில் கொய்யாத் துண்டு, மறு கையில் மவுஸ். என் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது திரையின் அடியில் நீளமாக ஒரு பட்டை, ஒரு மூலையில் ஸ்டார்ட் பொத்தானும் மறு மூலையில் கடிகாரமும் இருக்குமே, அது சட்டென்று கீழே இறங்கி மறைந்துபோனது. இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். அவளுடைய கணினி, அவளுடைய மேசை, நான் ஏன் கையை எடுக்க வேண்டும்? எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

“ஏம்மா, கீழ இருந்தது காணாம போச்சே,” என்றேன்.

“எது ஆன்ட்டி, டாஸ்க்பாரா? அது ஆட்டோ ஹைட். இதோ வரும் பாருங்க.”

கொய்யாவைக் கடித்துக்கொண்டே, விசைப்பலகையைப் பார்க்காமலேயே ஏதோ தட்டினாள். வந்தது. இன்னொரு தரம் தட்டினாள். போனது. என்னைச் சிரிக்க வைக்கத்தான் செய்தாள் போலிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆதாருக்கு வந்த இடத்தில் அழுகிற பொம்பளையை என்ன செய்வது என்று தெரியாமல் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள். நல்ல பெண். கதவு எண்ணை மறுபடியும் தப்பாகத்தான் அடித்திருந்தாள், அது வேறு விஷயம்.

அந்த அறையில் ஒரு வாசனை இருந்தது. ஏசி போட்டு மூடியே வைத்திருக்கிற அறையில் பழைய விரிப்பு வேர்த்துக் கிடக்கிற வாசனை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட எல்லோருக்கும் அது தெரியும். மனிதர்களுக்கு இல்லாத ஏசி அப்போது கம்ப்யூட்டருக்கு இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கால் கழுவாத குறையாக உள்ளே போவோம். வெள்ளிக்கிழமை என்றால் மானிட்டர்களுக்குச் சந்தனம், குங்குமம், ஊதுவத்தி. அந்தப் புகையும் விரிப்பு வாசனையும் சேர்ந்து ஒரு மாதிரி மயக்கமாக வரும். அதைத்தான் நான் ரொம்ப நாள் அறிவு வளர்கிற மயக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சென்டர் முடிச்சூர் சாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அதற்கு முன்னால் அதே மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்ததும் சென்டரை நடத்திய எங்கள் சாருடையதுதான். மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டு, போர்டை மாற்றி எழுதிவிட்டார். சாரை மாற்றி எழுத முடியவில்லை. நானும் அங்கே டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள்தான். அதனால் வரி முடிந்ததும், டைப்ரைட்டரில் உருளையைத் தள்ளிய பழக்கத்தில், என் இடது கை தானாக எழும்பி மானிட்டரின் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். முதல் வாரத்தில் மானிட்டர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பக்கத்து மேசைக்கே போய்விட்டது. “இன்னாடி, அத்த என்னாண்டயே தள்ளிக்கினு வர்ற? உனக்கு வோணாமா?” என்று கேட்டவள்தான் லோகா அக்கா.

லோகநாயகி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அஸ்தினாபுரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனுக்கு லேத் பட்டறையில் வேலை, ஒரே அறை வீடு, அதில் அண்ணன், அண்ணி, பிள்ளைகள், இவள். புருஷன் ஜிஎஸ்டி சாலையில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவளுக்கு ஒரு பெண் குழந்தை, திவ்யா, அப்போது மூன்று வயது. குழந்தை இவளிடம் இல்லை. திருநீர்மலையில் மாமனார் வீட்டில் இருந்தது. இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிட்டாள். ஒளித்துவைத்துப் பேசத் தெரியாது அவளுக்கு.

சாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். சாருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தகராறு. அதைச் சொல்லமாட்டார். “தமிழன் தமிழ்லதான் கத்துக்கணும்” என்பார். ஆகவே விண்டோ என்றால் சன்னல். மவுஸ் என்றால் எலி. திரையின் அடியில் இருக்கிற டாஸ்க்பாருக்கு அவர் வைத்த பெயர் பட்டி.

“அடியில இருக்கு பாருங்க, அதான் பட்டி. எல்லா சன்னலும் பட்டியிலேர்ந்துதான் வரும், பட்டிக்குள்ளதான் போய் அடையும்.”

“ஆடு மாடு மாரியா சார்?” என்றாள் லோகா அக்கா.

“ஆமாம்மா, அப்படித்தான் வச்சிக்கயேன்,” என்றார் சார். அவருக்கு உள்ளூர சந்தோஷம், உவமை கிடைத்துவிட்டதே என்று. அன்றிலிருந்து எங்களுக்கு அது பட்டிதான். டாஸ்க்பார் என்ற வார்த்தையை நான் வேலைக்குப் போன பிறகுதான் கேள்விப்பட்டேன்.

எலிகள் எங்கள் சென்டரில் அற்பாயுசு. உருண்டையில் அழுக்கு ஏறி, இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் போகும். அதனால் சார் எல்லாவற்றையும் விசையிலேயே செய்யப் பழக்கினார். வாய்ப்பாடு மாதிரி. பிரம்பு இல்லாத குறை. அவர் “ஆல்ட் டேப்” என்றால் நாங்கள் “அடுத்த சன்னல்” என்போம். “ஆல்ட் ஸ்பேஸ் என்” என்றால் “சன்னல் சாத்து”. “ஆல்ட் எஃப் ஃபோர்” என்றால் “சன்னல் காலி”. “கண்ட்ரோல் எஸ்கேப்” என்றால் “ஸ்டார்ட்டு”. கீழே மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் மேலே பஜனை நடக்கிறதா என்று கேட்பார்களாம்.

இன்னொரு பாடமும் உண்டு. அதுதான் முக்கியம் என்பார் சார். எங்களுக்கு முந்தைய பேட்சில் யாரோ பட்டியைக் கீழே இழுத்து மறைத்துவிட்டு, அதைத் திரும்பக் கொண்டுவருகிறேன் பேர்வழி என்று எதையெதையோ தட்டி, கடைசியில் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி ரிப்பேருக்கு ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோகும்படி ஆகிவிட்டது. சாருக்கு அது ஆறாத புண். அதனால் சட்டம் போட்டார்: “பட்டி போச்சுன்னா கையெடு. எழுந்து நில்லு. என்னைக் கூப்பிடு. ஒரு விசையைத் தொட்டே, வைரஸ் வந்துடும்.”

எப்படியும் வாரத்துக்கு யாராவது ஒருவருக்குப் போய்விடும். “பட்டி போயிடுச்சு சார்!” என்று குரல் எழும். உடனே கூப்பிட்டவர் மட்டுமல்ல, அறையில் இருக்கிற அத்தனை பேரும் கையை எடுத்துவிடுவோம். ஒரு மெஷினில் போனால் மற்றதிலும் போய்விடுமோ என்ற பயம். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். நாற்காலிக்கும் விசைப்பலகைக்கும் நடுவே புகுந்து, முதுகை எங்களுக்குக் காட்டி, என்னமோ செய்வார். பட்டி வந்துவிடும். “என்ன சார் பண்ணீங்க?” என்று கேட்டால், “அது அட்வான்ஸ் கோர்ஸ்ல வரும்” என்பார். அட்வான்ஸ் கோர்ஸுக்குப் பணம் தனி. எங்கள் யாருக்கும் அந்த யோகம் இல்லை.

லோகா அக்கா மாதிரி படித்தவர்களை நான் பார்த்ததில்லை. எனக்கெல்லாம் அது கல்யாணம் வரைக்கும் பொழுதுபோக்கு. அப்பா ரயில்வே, வேளாவேளைக்குச் சோறு, சென்டருக்குப் போகிற வழியில் கடலை மிட்டாய். அவளுக்கு அப்படி இல்லை. வீட்டில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் விசைப்பலகையை அப்படியே வரைந்து, தரையில் விரித்துவைத்து, சோறு கொதிக்கிற நேரத்தில் அதன்மேல் விரலை ஓட்டுவாள். அண்ணி அதைத் தாண்டித் தாண்டிப் போவாள். மிதித்தால் இவளுக்குக் கோபம் வந்துவிடும். “எஃப்பு மேலயும் ஜே மேலயும் கால வெச்சிக்கினு நிக்கிது பாரேன், நான் எங்க போயி அடிப்பேன்?” என்று என்னிடம் வந்து புலம்புவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் திருநீர்மலைக்குக் கூட்டிப்போனாள். பல்லாவரம் போய் அங்கிருந்து பஸ். மலைக்கோவிலில் கூட்டம், எங்களுக்குக் கோவிலுக்குப் போகிற எண்ணமே இல்லை. மாமனார் வீடு பெரிய வீடு. நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, சிமெண்ட்டும் கம்பியும் விற்கிற கடை வைத்திருந்தார்கள். திவ்யா ஓடி வந்து இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு “காணோம், காணோம்” என்றது. இவளும் ஊரெல்லாம் தேடுகிற மாதிரி தேடினாள். பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. கெட்டவள் என்று சொல்லமாட்டேன். ஏங்கிக் கிடந்தவள். புருஷனோடு அந்த வீட்டிலேயேதான் இருந்தாள்.

கிளம்பும்போது மாமனார் வாசலுக்கு வந்து நின்று சொன்னார். சத்தம் போடவில்லை, நிதானமாகத்தான் சொன்னார்.

“ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள உனக்கு ஒரு வேலைன்னு ஆச்சுன்னா, புள்ளய இட்டுக்கினு போம்மா. நான் குறுக்க நிக்கல. இல்லாங்காட்டி இங்கியே சேத்துடறோம். அவங்க ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க. உங்க அண்ணன் வூட்ல புள்ளய எங்க படுக்க வெப்ப, நீயே சொல்லு?”

அவள் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கம்பியில் விரல்களால் தட்டிக்கொண்டே வந்தாள். என்னவென்று பார்த்தால் ஏ, எஸ், டி, எஃப், ஜி, விசைப்பலகையின் முதல் பாடம்.

பங்குனி வெயிலில் ஒருநாள் சார் ஒரு செய்தி கொண்டுவந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை, வண்டிகளுக்கு உதிரிப்பாகம் செய்கிறது, ஸ்டோர்ஸில் பாகங்களின் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் எடுக்கிறார்கள், பெண்களாக இருந்தால் நல்லது என்கிறார்கள். நானும் லோகா அக்காவும் போனோம். நான் சும்மா துணைக்கு. அவள் முதல்நாளே புடவையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாளாம், இஸ்திரிக்காக. செங்கல்பட்டு வண்டியில் வண்டலூர் தாண்டுகிறவரை பேசிக்கொண்டே வந்தாள். கூடுவாஞ்சேரியிலிருந்து வாய்க்குள்ளேயே ஆல்ட் டேப், அடுத்த சன்னல்.

அங்கே டெஸ்ட் எடுத்த மேனேஜர் சின்ன வயசுக்காரர். தமிழர்தான், ஆனால் டெல்லியில் பிறந்து வளர்ந்தவர். தமிழை ஒரு மாதிரி வேகவைக்காமல் பேசுவார். குறில், நெடில் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். “வாங்க, உட்காருங்க” என்பது “வங்க, உட்கருங்க” என்று வரும். எங்களை இரண்டு பிரிவாக உள்ளே விட்டார்கள். முதலில் நான். கொடுத்த தாளைப் பார்த்து அடித்தேன். பதற்றத்தில் மானிட்டரை மட்டும் தள்ளாமல் பார்த்துக்கொண்டேன். முடித்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். அடுத்த பிரிவில் அவள் போனாள்.

போன வேகத்தில் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, “வா, போயிறலாம், வா” என்று இழுத்தாள். வண்டி ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். கீரைக் கூடைக்காரி ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள்.

“மிசின ஒடச்சிட்டன்டி,” என்றாள். “அவருதான் எலிய புட்ச்சி, பட்டில ஒரு அமுக்கு அமுக்கி, சன்னல தொறந்து குட்த்தாரு. அவரு அப்பால போனாரு பாரு, பட்டி அப்டியே எறங்கிப் பூட்ச்சி. நான் இன்னும் கையே வெக்கல. சத்தியமா வெக்கல.”

“அப்புறம்?”

“கைய எடுத்துட்டேன். எழுந்து நின்னுகினேன். ‘பட்டி போயிடுச்சு சார்’னேன். அவரு கிட்ட வந்து, ‘எப்போ?’ன்னாரு. ‘இப்பதான் சார், நான் ஒண்ணும் பண்ணல’ன்னேன். அழுகை வந்துகினே கீது எனக்கு. ‘உங்க தப்பு இல்லம்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான், நீங்க வீட்டுக்குப் போங்க’ன்னாரு. திட்டக்கூட இல்லடி. கதவு வரிக்கும் வந்து தொறந்து வுட்டாரு. அதான் என்னால தாங்க முடில.”

எனக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பெரிய கம்பெனி, கம்ப்யூட்டர் கெட்டுப்போனால்கூட மரியாதையாகச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். தாம்பரத்தில் இறங்கியபோது, “சார்கிட்ட சொல்லாத, கவலப்படுவாரு” என்றாள். அந்த ஆளுக்காக இவள் கவலைப்பட்டாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலை எனக்குக் கிடைத்தது. துணைக்குப் போனவளுக்கு. வீட்டில் பாயசம் வைத்தார்கள், நான் குடித்தேன், என்ன ருசி என்று தெரியவில்லை. லோகா அக்கா வந்து, “நீயாவது போயி நல்லா இருடி” என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அதன் பிறகு அவள் சென்டருக்கு வரவில்லை. குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிற வேலையாவது கிடைக்குமா என்று அலைந்தாள். ஆள் தேவையில்லை என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள்.

ஜூன் வந்தது. திவ்யாவைப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். நாத்தனாரும் அவள் புருஷனும் அம்மா, அப்பா என்று சேர்த்துவிட்டு வந்தார்கள். கொஞ்ச நாளில் மாமனார் ஆளனுப்பினார். நீ வந்துபோனால் குழந்தை ஏங்கிப்போகிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது, பள்ளிக்கூடம் பழகுகிறவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை வராதே என்று. குழந்தை சாப்பிட வேண்டுமே என்று இவள் போகாமல் இருந்தாள். கேட்டால், “பழகட்டும்” என்பாள். பல்லாவரம் வரை பஸ்ஸில் போய், அங்கே இறங்கி நின்றுவிட்டு, திரும்பி வந்திருக்கிறாள். இதை அவளுடைய அண்ணி சொல்லித்தான் தெரியும்.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாசம் போயிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் என் மேசைப் பக்கம் வந்தார். அவர் பேசியதைக் குறில், நெடில் திருத்தித்தான் சொல்கிறேன்.

“உங்ககூட டெஸ்டுக்கு ஒரு லேடி வந்தாங்களே, அவங்க எப்படி இருக்காங்க? பாவம், அன்னிக்குன்னு பார்த்து அவங்க கிராண்ட்மதர் எக்ஸ்பயர் ஆயிட்டாங்க.”

“யாரு சார்? அவங்களுக்கு பாட்டியே கிடையாதே.”

“அட, எங்கிட்டதானே சொன்னாங்க. எழுந்து நின்னு, கண்ணெல்லாம் தண்ணி, ‘பாட்டி போயிடுச்சு சார்’னாங்க. எப்போன்னு கேட்டேன். இப்பதான்னாங்க. யாரோ வந்து நியூஸ் சொல்லியிருக்காங்கன்னு நினைச்சு, உடனே அனுப்பிட்டேன். எங்க பாட்டி போனப்போ நான் எக்ஸாம்ல இருந்தேன். எனக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்.”

எனக்குக் கையிலிருந்த தயிர்சாதம் அப்படியே நின்றுவிட்டது. பட்டி என்றால் என்ன என்று அவருக்குச் சொன்னேன். சன்னல், எலி, சார் போட்ட சட்டம், எல்லாம் சொன்னேன். முதலில் சிரித்தார். யாரும் சிரிப்பார்கள், நீங்களும் சிரித்திருப்பீர்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் உட்கார்ந்த மூலை மெஷின் அவருடையதாம். திரை பெரிதாகத் தெரியட்டும் என்று பட்டி தானாக மறைகிற மாதிரி அவரே வைத்திருந்தாராம். எலியின் அம்புக்குறியைத் திரையின் அடிக்குக் கொண்டுபோனால் வந்துவிடும். இல்லையென்றால் கண்ட்ரோல் எஸ்கேப் தட்டினால் வந்துவிடும். “அதுவும் டைப் பண்றதுக்கு டாஸ்க்பார் எதுக்குமா வேணும்? விண்டோதான் திறந்து இருந்துதே? அவங்க பேசாம அடிச்சிருக்கலாமே,” என்றார்.

அடித்திருக்கலாம். அதைத்தான் நான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரிடம் சொல்வது என்று தெரியாமல். சன்னல் திறந்திருந்தது. தாள் பக்கத்தில் இருந்தது. விரல்கள் பழகிப்போயிருந்தன. பட்டி போனால் கையெடு என்று ஒருவர் சொல்லிவைத்தார், அவள் எடுத்துவிட்டாள். சொன்னதைக் கேட்கிற பெண்ணாக வளர்ந்ததுதான் அவள் செய்த தப்பு.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே அஸ்தினாபுரம் போனேன். அவள் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி விஷயத்தைச் சொன்னதும் கையில் சாம்பலோடு சிரித்தாள், குலுங்கிக் குலுங்கி. “அய்ய, அதான் அந்தாளு துக்கம் விசாரிச்ச மாரி நின்னுகினு இருந்தாரா!” என்றாள்.

“கண்ட்ரோல் எஸ்கேப் அடிச்சிருந்தா வந்திருக்குமாம் அக்கா,” என்றேன்.

சிரிப்பு நின்றது.

“கண்ட்ரோல் எஸ்கேப்பா?”

“ஆமா.”

“அது எனக்குத் தெரியுமே,” என்றாள். மறுபடியும், இன்னும் மெதுவாக, “அது எனக்குத் தெரியுமேடி. அதான நம்ம ஸ்டார்ட்டு?”

நாங்கள் அதைப் பட்டி இருக்கும்போது மட்டுமே தட்டிப் பழகியிருந்தோம். இல்லாதபோது தட்டினால் வரும் என்று ஒருத்தர் சொன்னதில்லை. வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். அட்வான்ஸ் கோர்ஸ் என்று முதுகைக் காட்டி அந்த மனுஷன் மறைத்துச் செய்ததும் அதைத்தான். பாவி. செத்துப்போய்விட்டார், திட்டக் கூடாது. திட்டுகிறேன்.

மேனேஜர் வாக்குத் தவறவில்லை. அடுத்து ஆள் எடுக்கும்போது சொல்லியனுப்புகிறேன் என்றார், பொங்கல் கழிந்து சொல்லியனுப்பினார். லோகா அக்கா வந்து அதே மூலை மெஷினில் உட்கார்ந்து அடித்தாள். எங்கள் எல்லோரையும்விட வேகம். வேலை கிடைத்தது. முதல் மாசச் சம்பளம் வாங்கியதும் திவ்யாவுக்கு நீலத்தில் ஒரு ஃபிராக்கும் ஒரு பை சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டாள். வீடு பார்த்தாகிவிட்டது, அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஓர் அறை. “இன்னிக்கே கேட்டுடுவேன். வேலைன்னு ஆயிட்ச்சி இல்ல? அவரு சொன்ன சொல்லுதான?” என்று திருநீர்மலை பஸ்ஸில் என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் ஆமாம், ஆமாம் என்றேன்.

திவ்யா வெளி கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல், ரிப்பன். கேட்டின் இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். நிமிர்ந்து பார்த்தாள். லோகா அக்காவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், ஒரே மாதிரி பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

“அம்மா, யாரோ வந்திருக்காங்க!”

“யாருன்னு கேளுடா கண்ணு,” என்று உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. எண்ணெய் சட்டியில் ஏதோ பொரிகிற சத்தமும் கூட.

குழந்தை கேட்டாள். “நீங்க யாரு?”

லோகா அக்கா கேட் கம்பியைப் பிடித்திருந்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன், சொல்லு அக்கா என்று. அவள் கம்பி வழியாகப் பையை உள்ளே நீட்டினாள்.

“தெரிஞ்சவங்கம்மா,” என்றாள். “இந்தப் பக்கமா வந்தோம். அம்மாண்ட குடுத்துடு.”

உள்ளே போய் நாலு வார்த்தை கேட்கலாம், வா என்று நான் இழுத்தேன், கத்தினேன், தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்படி. அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சொல்ல என்ன இருக்கிறது. கொஞ்ச காலம் வேலைக்கு வந்தாள். ஒருநாள் நின்றுவிட்டாள். அண்ணன் பட்டறையை மூடிக்கொண்டு எங்கோ போனபோது அவளும் கூடவே போனாள் என்றார்கள், ஓசூர் என்றும் சொன்னார்கள், திருப்பூர் என்றும் சொன்னார்கள். நான் இரண்டு ஊரிலும் போய் நின்றிருக்கிறேன், எந்தத் தெருவில் தேடுவது? அந்தத் தொழிற்சாலை கைமாறிக் கைமாறி இப்போது வெறும் மதில் சுவர். முடிச்சூர் சாலையில் மருந்துக்கடையையும் சேர்த்து இடித்துவிட்டு உயரமாக என்னமோ கட்டியிருக்கிறார்கள், பார்க்கிங் மட்டுமே மூன்று அடுக்கு. திருநீர்மலையில் அந்த வீடு இருந்த இடத்தைப் போன வருஷம் தேடினேன், எந்தத் திருப்பம் என்றே தெரியவில்லை. திவ்யாவுக்கு முப்பது தாண்டியிருக்கும். எதிரே வந்தால் எனக்கு அடையாளம் தெரியப்போவதில்லை. அவளுக்கு அப்படி ஒருத்தி இருந்தாள் என்றாவது யாராவது சொன்னார்களா, தெரியாது. சொல்லியிருக்கமாட்டார்கள்.

அன்று திரும்பி வரும்போது பஸ் வர நேரமாயிற்று. நிழலே இல்லாத நிறுத்தம். நான் அழுதுகொண்டிருந்தேன், அவள் அழவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் ஒரு சிரிப்பு, பெற்றவளுக்கு வருகிற பெருமைச் சிரிப்பு.

“முன்னல்லாம் அவளுக்கு ரா-வே வராதுடி. யாலு, யாலுன்னுதான் சொல்லும்,” என்றாள். “இப்ப இன்னா தெளிவா கேக்குது பாத்தியா, நீங்க யாருன்னு.”